புள்ளியும் இழையும்

எண்முறை ஒலிப்பதிவு என்பது யாது? அதன் தரம் எதில் அடங்கியிருக்கிறது? தேர்வுத்தாளில் இப்படிக் கேட்டிருந்தால், பத்து மதிப்பெண்ணுக்கு உரிய விடையைப் பத்து மணித்துளிகளில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போயிருப்பேன். இயற்பியல் முதுகலை மாணவனுக்கு இது ஒரு பெரிய வினாவன்று. ஆனால் சென்ற விடுமுறையில் குமுளியில், எங்கள் ஏலக்காய் ஸ்டோரின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு என் சித்தப்பா இதையே கேட்டபோது, எனக்கு நாக்குக் குழறிவிட்டது. அவருக்கு நான் சொன்ன விடைகளில் எது நின்றது, எது கவிழ்ந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இவ்வினா எழலாம்.

முதலில் வினா பிறந்த கதை. எங்கள் குடும்பம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய குடும்பம். அப்பத்தா சிறு பெண்ணாக ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க வந்தவர். செடியின் தூரில் குனிந்தபடி, காய் கழற்றும் கையின் வேகத்துக்கு ஏற்பப் பாடிக்கொண்டே இருப்பாராம். 1998-ஆம் ஆண்டு சித்தப்பா ஒரு டேப் ரிக்கார்டரை வீட்டு முற்றத்தில் வைத்து, அப்பத்தாவை அரைமணி நேரம் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் அப்பத்தா மறைந்தார். பின்னர், 2010-ஆம் ஆண்டளவில், ‘கேசட் எல்லாம் போய்விட்டது, இனி எம்பி3 தான்’ என்று பக்கத்து நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்து மாற்றி வாங்கினோம். கடைக்காரர், நாங்கள் கேட்ட நூற்றுக்கு மேற்பட்ட சினிமாப் பாட்டுகளையும் அதே தட்டில் அடக்க வேண்டியிருந்ததால், அப்பத்தாவை ஒரு மூலையில் நெருக்கி உட்கார வைத்துவிட்டார். வீடு மாறியபோது, ‘தட்டுத்தான் இருக்கிறதே’ என்று கேசட்டைக் குப்பையோடு எறிந்தவர்கள் நாங்கள்தாம். கடைக்காரர் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

இன்று அந்தப் பதிவைக் கேட்டால் அப்பத்தாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. பின்னணியில் இருந்த சில்வண்டுகளின் ஓசை களகளவென்று கொதிக்கும் சோற்றின் ஓசையாகிவிட்டது. சித்தப்பாவுக்கு இது பெருந்துயரம். யாரோ அவரிடம், ‘நொடிக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் தரத்தில் ஒரு கருவி வந்திருக்கிறது, அதில் போட்டுப் புதுப்பித்தால் எல்லாம் தெளிவாகிவிடும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். இருபதாயிரம் ரூபாயை எடுத்து வைத்துக்கொண்டு, “வாங்கலாமாப்பா? நீதான் படிக்கிறவனாயிற்றே” என்று என்னைக் கேட்டார்.

நான் உடனே, எல்லாரும் சொல்லும் உவமையை எடுத்தேன். “சினிமா எப்படி ஓடுகிறது, சித்தப்பா? நொடிக்கு 24 படங்கள். வேகமாக ஓடுவதால் தொடர்ச்சியாகத் தெரிகிறது. அதைப் போல, ஒலியையும் நொடிக்கு 44,100 முறை படமெடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் சி.டி.யின் தரம்.”

சித்தப்பா தலையசைத்தார். “அப்படியானால் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் முறை எடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் நன்றாக இருக்குமே! வாங்கிவிடுவோம்.”

என் உவமையே அந்தக் கருவியை அவருக்கு விற்றுக் கொடுத்துவிட்டது! தவறு அவருடையதன்று. திரைப்படத்தில் படங்களின் எண்ணிக்கை கூடக் கூட அசைவு வழுவழுப்பாகிறது. செய்தித்தாள் படத்தில் புள்ளி கூடக் கூட உருவம் தெளிவாகிறது. அந்த உவமையைக் கொடுத்துவிட்டு வேறு முடிவுக்கு வராதே என்று எப்படிச் சொல்வது? பாடநூல்களிலும் இதே நோய் உண்டு. வளைந்த அலை ஒன்றை வரைந்து, அதன்மேல் படிக்கட்டு ஒன்றை வரைந்து, ‘இதுவே எண்முறை ஒலி’ என்று எழுதியிருப்பார்கள். பார்ப்பவர் மனத்தில் என்ன பதிகிறது? எண்முறை ஒலி கரடுமுரடானது, படிகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க உண்மையை நெருங்கும், ஆனால் ஒருபோதும் எட்டாது என்பதே. இது முழுத் தவறு.

தொல்காப்பியர் உவமைக்கென்றே ஓர் இயல் வகுத்தவர். செயல், பயன், வடிவு, நிறம் ஆகியவற்றின் அடிப்படையில் உவமை பிறக்கும் என்பது அவர் கொள்கை. தமிழ் படிக்கும் நண்பர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: படிக்கட்டும் புள்ளிப்படமும் வடிவு பற்றிய உவமைகள். ஒலிக்கு வடிவு ஏது? அது நடப்பது, ஒரு செயல். செயல் பற்றிய உவமையைத் தேடினால் ஒருவேளை கைகொடுக்கும்.

தேடத் தொலைவு போக வேண்டியதில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் ஓர் எண் தெரியும். அது முல்லைப் பெரியாற்று அணையின் நீர்மட்டம். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. 152 அடி வரை தேக்கக் கட்டியது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 142 அடி வரை தேக்கப்படுவது. மழைக்காலத்தில் மலைக்கு மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் அந்த எண்ணைக் கேட்காமல் காலைத் தேநீர் இறங்காது. ‘இன்று 136.20 அடி’ என்பார்கள்.

மறுநாள் சித்தப்பாவிடம் அதையே எடுத்தேன். ஏரி என்பது பெரிய நீர்ப்பரப்பு. அதை ஏட்டில் எழுத முடியாது. எழுதுவது அளவுகோலில் தெரியும் எண்ணை மட்டுமே. அப்படி எழுதும்போது இரண்டு முடிவுகள் செய்ய வேண்டும். எத்தனை நேரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பது என்பது ஒன்று. அளவுகோலில் கோடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. எண்முறை ஒலிப்பதிவும் இதே வேலைதான். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்றஇறக்கம். ஒலிவாங்கி அதை மின்னழுத்தத்தின் ஏற்றஇறக்கமாக மாற்றித் தருகிறது. கருவி அந்த மட்டத்தை அளந்து அளந்து ஏட்டில் எழுதுகிறது. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதே 44,100 என்ற எண். கோடுகளின் நெருக்கமே ‘16 பிட்’, ‘24 பிட்’ என்பவை. தரம் என்று விளம்பரங்களில் வரும் எண்களில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றுதான்.

“ஏரி மெதுவாக ஏறும். நாளுக்கு ஒரு தரம் பார்த்தால் போதும்” என்றார் சித்தப்பா.

அதுதான் வேண்டியது! எத்தனை முறை பார்ப்பது என்பதை ஏரியின் வேகம்தான் தீர்மானிக்கிறது. இப்போது ஒரு கற்பனை செய்வோம். நீர் ஒவ்வொரு நாளும் காலையில் ஏறி மாலையில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு மட்டும் போய்ப் பார்ப்பவனின் ஏட்டில் என்ன இருக்கும்? நேற்று இருந்த எண்ணே இன்றும் இருக்கும். ‘ஏரி அசையவே இல்லை’ என்று அவன் சத்தியம் செய்வான். ஏடு குறைவாகச் சொல்வதோடு நிற்கவில்லை, பொய்யே சொல்கிறது. ஜீப்பின் சக்கரம் கைபேசிப் படத்தில் பின்னோக்கிச் சுழல்வது போலத் தெரிகிறதே, அதுவும் இந்தப் பொய்தான். ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என்று, ஒரு சுற்றுக்கு இரண்டு முறைக்கு மேலாகப் பார்த்தால்தான் ஏடு மெய் பேசும்.

மனிதச் செவி கேட்கும் ஒலிகள் ஏறத்தாழ நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ளவை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். அந்த 20,000-க்கு இரு மடங்கு 40,000. அதற்குச் சற்று மேலே 44,100. அவ்வளவே கணக்கு. 44,100 என்ற வினோதமான எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அக்காலத்தில் எண்முறை ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 அளவுகள், ஒரு புலத்துக்கு 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள்; பெருக்கினால் 44,100. நாம் பயன்படுத்திய 50 புல முறையில் 294 வரிகளைக் கொண்டு பெருக்கினாலும் அதே விடை! 1982-இல் சோனியும் பிலிப்ஸும் சி.டி.யை வெளியிட்டபோது அந்த எண்ணே நிலைத்துவிட்டது.

சரி, இரண்டு முறைக்கு மேல் பார்த்தால் போதும் என்கிறோம். பார்க்காத இடைவேளையில் நீர் என்ன செய்தது என்பது எப்படித் தெரியும்? சித்தப்பா கேட்கவில்லை, சித்தி கேட்டார். காய் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

இதற்கு விடையும் சித்தியின் வாசலிலேயே இருந்தது. விடியலில் அவர் புள்ளி வைத்து இழை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். வைத்த புள்ளிகள் கோலமல்ல, இழைதான் கோலம். ஆனால் கோலம் அறிந்தவருக்கு, புள்ளிகளும் விதியும் தெரிந்துவிட்டால் இழை எப்படி ஓட வேண்டும் என்பது தெரியும். எண்முறை ஒலியில் ஏட்டில் இருப்பவை புள்ளிகள். கேட்கும்போது கருவி அவற்றைக் கட்டை கட்டையாக அடுக்குவதில்லை. அவற்றினூடே இழையை இழுக்கிறது. அந்த இழை வழுவழுப்பான இழை. படிக்கட்டு அங்கே கிடையாது.

“ஒரே புள்ளிக்குப் பத்துக் கோலம் போடலாமே!” என்றார் சித்தி.

உவமை உடைகிற இடம் இதுதான். அதை மறைக்கக்கூடாது. சித்தியின் புள்ளிகளுக்குப் பத்துக் கோலங்கள் பொருந்தும்; சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைச் சுற்றிப் போகும், ஒலியில் புள்ளி வழியாகவே போகும். ஆனால் ஒலிக்கு ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது: அளக்கும் எண்ணிக்கையில் பாதியைவிட வேகமாக நெளியும் எதுவும் அந்த இழையில் இருத்தலாகாது. இந்த விதிக்குக் கட்டுப்பட்டு, எல்லாப் புள்ளிகள் வழியாகவும் போகக்கூடிய இழை ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது கிடையாது. ஆகவே இடையில் ஊகம் என்பதே இல்லை. 1998-இல் முற்றத்துக் காற்று எப்படி அசைந்ததோ அதே இழைதான் திரும்பக் கிடைக்கும். விட்டேக்கர் 1915-இல் இதன் கணிதத்தைத் தொட்டார். நைகுவிஸ்ட் 1928-இல் தந்திச் செய்திகளை ஆராயும்போது இதன் அருகில் வந்தார். 1933-இல் ரஷ்யாவில் கொட்டெல்னிக்கவ், 1949-இல் அமெரிக்காவில் ஷானன் இதைத் தெளிவாக நாட்டினார்கள். இன்று ஷானன் பெயரால்தான் நாம் படிக்கிறோம். முதன்முதல் வகுப்பில் கேட்டபோது எனக்கு இது நம்பவே முடியாததாக இருந்தது. இன்றும் சில நாள் இரவில் அப்படித்தான் இருக்கிறது.

விதியைக் காப்பாற்றுவதற்காகத்தான், அளப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். செவிக்கு எட்டாத 30,000 அதிர்வு ஒலி ஒன்று தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டால், 44,100 முறை அளக்கும் ஏட்டில் அது 14,100 அதிர்வு ஒலியாக வேடம் போட்டு வந்து கேட்கும். காலை ஆறு மணிக்காரனின் பொய்க்கு இது உடன்பிறப்பு.

அப்படியானால் 1,92,000 எதற்கு? ஒலிக்கூடத்தில் பல தடங்களைச் சேர்த்து வேலை செய்வோருக்கும், வடிகட்டி அமைப்போருக்கும் அதனால் சில வசதிகள் உண்டு. கேட்பவருக்கு? 20,000 அதிர்வுக்கு மேலே உள்ளதைச் சித்தப்பாவும் கேட்கப்போவதில்லை, நானும் கேட்கப்போவதில்லை. கேட்பதாகச் சொல்வோர் பலர் உளர். அவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

அடுத்தது அளவுகோலின் கோடுகள். இங்கே உவமையைச் சித்தப்பாவே கொடுத்தார். உலர்த்திய ஏலக்காயைப் புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்கு அனுப்புமுன் சல்லடையில் தரம் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர்ச் சல்லடையில் நிற்பது ஒரு தரம். அதில் விழுந்து ஏழில் நிற்பது அடுத்த தரம். “ஏழரை மில்லிக் காயும் ஏழு மில்லிக் காயும் ஒரே சாக்குக்குத்தான் போகும். அந்த அரை மில்லி கணக்கில் வராது. அதைத்தானே சொல்கிறாய்?” என்றார். அதையேதான் சொன்னேன். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. ஸ்டோரில் காய் சாக்கில் இருக்கிறது. ஒலிப்பதிவில் ‘ஏழு’ என்று எழுதிக்கொண்டு காயை எறிந்துவிடுகிறோம். கணக்கில் வராத அந்த அரை மில்லி, மீண்டும் கேட்கும்போது ‘ஸ்’ என்ற மெல்லிய இரைச்சலாக வந்து நிற்கும்.

ஒரு பிட் கூட்டுவது என்றால், இருக்கும் ஒவ்வோர் இரண்டு சல்லடைக்கும் இடையே இன்னொரு சல்லடை புகுத்துவது. பிழை பாதியாகும், இரைச்சல் 6 டெசிபெல் தாழும். 16 பிட்டில் 65,536 படிநிலைகள். இரைச்சல் உச்ச ஒலிக்கு ஏறத்தாழ 96 டெசிபெல் கீழே கிடக்கும். 24 பிட்டில் 1,67,77,216 படிநிலைகள். ஆனால் சாதாரணக் கேசட் நாடாவுக்குத் தன் சொந்த இரைச்சலே உண்டு. அதன் உச்சத்துக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி 50 டெசிபெல் அளவே. அப்பத்தாவின் கேசட்டுக்கு 16 பிட்டே தாராளம். பிட் கூடினால் ‘தெளிவு’ கூடும் என்பது பரவலான பேச்சு. கூடுவது தெளிவன்று; அடியில் கிடக்கும் அமைதி. எங்கள் முற்றத்தில் சில்வண்டு இருக்கும் வரையில் அந்த அமைதி எங்களுக்குத் தேவைப்படாது.

இவ்வளவும் ஆனபின் சித்தப்பா நெற்றியைச் சுருக்கினார். “எல்லாம் தாராளம், தாராளம் என்கிறாயே. பிறகு ஏனப்பா ஆத்தா குரல் இப்படி இருக்கிறது?”

அந்தக் கோப்பைக் கணினியில் திறந்து பார்த்திருந்தேன். நொடிக்கு 22,050 அளவுகள், எம்பி3, நொடிக்கு 32,000 பிட். ஏழாயிரம் அதிர்வுக்கு மேலே வெறும் இருட்டு. எம்பி3 என்பது வேறு கதை. அளவெடுப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அளந்து எழுதிய ஏட்டைச் சுருக்குகிற கலை அது. சி.டி. தரத்தில் இருபுற ஒலிக்கு நொடிக்கு 14,11,200 பிட் வேண்டும். ஒருபுற ஒலியாக அப்பத்தாவின் அரைமணிக்கு மட்டும் ஏறத்தாழ 159 மெகாபைட். எங்கள் தட்டில் அது 7 மெகாபைட். மீதி எங்கே போயிற்று?

சுருக்குவதில் இரண்டு வகை. கம்பம், போடிப் பக்கம் இலவம்பஞ்சைச் சாக்கில் மிதித்து அடைப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து வெயிலில் உலர்த்தினால் பஞ்சு பழையபடி உப்பும். ஓர் இழையும் குறையாது. ஃபிளாக் என்ற முறை இந்த வகை. ஏறத்தாழப் பாதி அளவுக்குச் சுருக்கலாம், திரும்ப விரித்தால் எண்ணுக்கு எண் அப்படியே வரும். எம்பி3 அப்படியல்ல, அது பஞ்சில் ஒரு பகுதியை எறிகிறது. எதை எறிவது என்பதில்தான் அதன் சாமர்த்தியம்.

குமுளிப் பேருந்து நிலையத்தில் நில்லுங்கள். ஒரு நடத்துநர் ‘கம்பம்! கம்பம்! தேனி!’ என்று தொண்டை கிழியக் கூவுகிறார். அவர் அருகில் அதே சுருதியில் ஒருவர் மெல்ல முணுமுணுக்கிறார். உங்கள் காதில் முணுமுணுப்பு விழாது. காற்றில் அது இருக்கிறது, செவிதான் வாங்கிக்கொள்வதில்லை. ஜெர்மனியில் பிராண்டன்பர்க் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்காக்கினார்கள். பேரொலியின் மறைவில் இருப்பதால் செவி எதைக் கேளாதோ, அதற்குப் பிட் செலவழிக்காதே என்பதே தந்திரம். போதிய பிட் கொடுத்தால் அருமையாக வேலை செய்யும்; நல்ல எம்பி3-ஐயும் சி.டி.யையும் மாற்றி மாற்றிப் போட்டால் நம்மில் பெரும்பாலோர் தடுமாறுவோம். ஆனால் பிட் பஞ்சம் வந்துவிட்டால், செவிக்குத் தெரிவதையும் வெட்டத் தொடங்கும். சில்வண்டின் ஓசை, ஜால்ராவின் ஓசை, இலைச் சலசலப்பு முதலியவை முதலில் பலியாகும்.

இதில் ஒரு செய்தி எனக்கு மிகவும் உறுத்தியது. பிராண்டன்பர்க் தம் முறையைச் சோதிக்கப் பயன்படுத்திய பாட்டுகளில் ஒன்று, சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி எந்தப் பக்கவாத்தியமும் இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’. பெரிய வாத்தியக் கூட்டங்களையெல்லாம் சமாளித்த முறை, தனியாக ஒலித்த அந்தப் பெண்குரலைத் தொடக்கத்தில் கெடுத்துவிட்டதாம். திருத்தித் திருத்திச் சீராக்கினார்கள். காரணம் எளிது: தனிக்குரலில் பிழையை ஒளித்து வைக்க மறைவிடம் இல்லை. எங்கள் தட்டில் இருந்த சினிமாப் பாட்டுகள் பிழைத்துக்கொண்டன; மத்தளமும் வயலினும் பிழைகளை மூடிக்கொண்டன. முற்றத்தில் தனியாகப் பாடிய அப்பத்தாவுக்கு மூடிக்கொள்ள ஒன்றுமில்லை.

“இப்போது அந்தத் தட்டை அந்தக் கருவியில் போட்டால்?” என்று கேட்டார் சித்தப்பா. குரல் முன்பே இறங்கிவிட்டது.

தேநீர்க் கடையில் ஒரு குவளைப் பாலை வாங்கி வந்து பெரிய அண்டாவில் ஊற்றினால் பால் கூடாது. 32,000 பிட்டில் சுருங்கிய கோப்பை 1,92,000 அளவுகளில் திரும்ப எழுதினாலும் கோப்பு பெருக்கும், குரல் பெருகாது. இழை ஒன்றுதான் என்று சொன்னேனே, அது இப்போது நமக்கு எதிராக நிற்கிறது: அந்தப் புள்ளிகளில் அப்பத்தா இல்லை. இதைச் சொல்ல எனக்கு உவமையே தேவைப்படவில்லை. சித்தப்பா புரிந்துகொண்டார். பணத்தை மடித்து உள்ளே வைத்தார். அன்று மாலை அவர் யாரிடமும் பேசவில்லை.

மூன்று நாள் கழித்துக் கம்பத்து அத்தை தொலைபேசியில் அழைத்தார். அவர் மகளின் காதுகுத்து விழாவில் பதிந்த கேசட் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, அதில் அம்மா ஒரு பாட்டுப் பாடியிருக்கிறது என்றார். தொலைபேசியில் அவர் ‘ஸ்’ என்பதும் ‘ஃப்’ என்பதும் ஒன்று போலவே கேட்டன. பழைய தொலைபேசி முறை 3,400 அதிர்வுக்கு மேல் எதையும் கடத்துவதில்லை. நொடிக்கு 8,000 அளவுகள்தாம். பேச்சு புரிய அது போதும். நாங்கள் அடுத்த பேருந்திலேயே கீழே இறங்கினோம்.

இம்முறை என்ன தரத்தில் எடுப்பது? ஒலி ஆவணங்களைக் காக்கும் பன்னாட்டுச் சங்கம் ஒன்று உண்டு. பழைய நாடாக்களை மாற்றுவோர் குறைந்தது 48,000 அளவுகளும் 24 பிட்டும் கொள்ள வேண்டும் என்பது அதன் வழிகாட்டு நூலின் பரிந்துரை. 16 பிட்டே தாராளம் என்று சற்று முன் சொன்னவன் நானே அல்லவா? இங்கே 24 கொள்வதற்குக் காரணம் வேறு. அளவுகோலின் உச்சிக்கு மேல் நீர் ஏறினால் எழுத இடமில்லை. அலையின் தலை வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். கேசட்டில் அடுத்து எவ்வளவு உரத்த ஒலி வருமென்று முன்கூட்டித் தெரியாது. 24 பிட் இருந்தால், உச்சிக்கு வெகுகீழேயே மட்டத்தை நிறுத்திக்கொண்டு கவலையின்றிப் பதியலாம். கீழே சல்லடை இன்னும் நுட்பமாகவே இருக்கும். அரைமணிக்கு ஏறத்தாழ 260 மெகாபைட். இன்றைய நாளில் அது ஒரு சுமையே அன்று. விடுதி நண்பரிடம் இரவல் வாங்கிய சிறு கருவியே இதற்குப் போதுமானதாக இருந்தது.

உண்மையில் எங்களை அலைக்கழித்தது எண்களே அல்ல. கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது, மெல்லத் துடைத்தோம். சித்தப்பாவின் பழைய டேப் ரிக்கார்டரில் நாடாவைத் தொடும் தலைப்பகுதி அழுக்கேறிக் கறுத்திருந்தது; பஞ்சில் ஆல்கஹால் தோய்த்துத் துலக்கினோம். அப்போதும் குரல் மங்கலாகவே வந்தது. பதிந்த கருவியின் தலையும் கேட்கும் கருவியின் தலையும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். மயிரிழை சாய்ந்திருந்தாலும் உயர்ந்த அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தலையின் பக்கத்தில் அதற்கென்று ஒரு சிறு திருகாணி உண்டு. 1,92,000 தரக் கருவியால் செய்ய முடியாததை அந்தத் திருகாணி செய்யும். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நான் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சொல்ல, சித்தப்பா திருப்புளியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பினார்.

ஓரிடத்தில் அவர் கை நின்றது. திரையில் பன்னிரண்டாயிரம் அதிர்வு வரையில் வெளிச்சம் ஏறியிருந்தது. ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை. பாட்டின் ஒவ்வோர் அடி முடிவிலும் மிக மெல்லியதாக ஒரு கிலுகிலுப்பு கேட்டது. “வளையல்” என்றார். “ஆத்தா தாளத்துக்குத் தொடையில் தட்டும்.”